தொண்டும் தொழிலும்: சிறார் நூல் படைக்க முனைவோருக்கு ஒரு திறந்த மடல்



சிறார் இலக்கியம், அதாவது பேச்சுப் பழகும் பருவம் தொடங்கிப் பதின்பருவம் வரையிலான பிள்ளைகள் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் என்றே ஆக்கப்படும் நூல்கள், தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரு தொண்டாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. அவ்வாறு கருதியவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கருத்து இத்துறைக்குச் செய்த தீங்கு சிறிதன்று. தொண்டு செய்பவரின் வேலையில் எவரும் குறை சொல்வதில்லை. அவரும் கூலி கேட்பதில்லை. அதனால் திருத்தப்படாத கதையும் அவசரத்தில் வரையப்பட்ட படமும் 'குழந்தைகளுக்குத்தானே' என்ற சமாதானத்தோடு அச்சேறுகின்றன. உழைத்துச் செய்தவருக்கோ ஒரு பொன்னாடையும் பத்துப் படிகளும் போதும் என்று முடிவாகிறது. புதிதாக வருவோர் இப்பணியை ஒரு தொழிலாக, அதாவது கற்றுத் தேற வேண்டிய நுட்பங்களும் காத்துக்கொள்ள வேண்டிய உரிமைகளும் உடைய ஒன்றாக மதித்து உள்ளே வரவேண்டும் என்பதே இம்மடல் சொல்ல விரும்புவது. அத்தொழில் சோறு போடுமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் போடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

முன்னோடிகளின் வாழ்க்கையே இதற்குச் சான்று. குழந்தைக் கவிஞர் என்று போற்றப்படும் அழ. வள்ளியப்பா 1922-இல் புதுக்கோட்டை வட்டாரத்து இராயவரத்தில் பிறந்து, தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தியன் வங்கியில் கழித்தவர். 1944-இல் வெளிவந்த 'மலரும் உள்ளம்' தொகுப்பும் அதன்பின் வந்த நூல்களில் பெரும்பாலானவையும் வங்கி வேலை போக எஞ்சிய பொழுதில் எழுதப்பட்டவை. கோகுலம் சிறார் இதழின் ஆசிரியர் பொறுப்பு ஓய்வுபெற்ற பிறகே அவருக்கு வாய்த்தது. அவருக்குப் பின் வந்தோரின் நிலையும் வேறன்று. 'ஆதனின் பொம்மை' எழுதிய உதயசங்கர் இரயில்வே நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர். 'ஆயிஷா' வழியாகப் பரவலாக அறியப்பட்ட இரா. நடராசன் பள்ளி ஆசிரியர். 'சோளக்கொல்லைப் பொம்மை' தந்த ம.இலெ. தங்கப்பா புதுவையில் பேராசிரியராக இருந்தவர். மூவரும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர்கள். மூவரின் வீட்டிலும் அடுப்பெரிந்தது வேறு சம்பளத்தில். வேலையை உதறிவிட்டு முழுநேரப் படைப்பாளி ஆனால்தான் கலை வாழ்க்கை என்று எண்ணி வருந்தும் இளையோர் இதை நினைவில் கொள்ளுதல் நன்று. மாதச் சம்பளம் இவர்களின் எழுத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை; கேட்ட கதையைக் கேட்ட நாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியிலிருந்து அவர்களைக் காத்தது என்று கொள்வதே பொருந்தும்.

ஆனால் ஓய்வு நேரத்தில் செய்வது வேறு, ஓய்வுக்காகச் செய்வது வேறு. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார் என்ற செய்தி இவ்விடத்தில் கவனத்துக்குரியது. பொழுதுபோக்காகப் பாட்டெழுதும் ஒருவருக்குச் சங்கம் தேவைப்படாது. சக தொழிலாளர் உண்டு, அவர்களுக்குப் பொதுவான அக்கறைகள் உண்டு, ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துத் தரம் பேச வேண்டும் என்று நம்புகிறவருக்கே அது தேவைப்படும். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தைத் தொழிலாக மதிக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த முன்மாதிரி தமிழில் இல்லை.

ஓவியர்களின் வரலாறு சற்றே வேறு வழியில் சென்றது. 1947 ஜூலையில் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறார் இதழான அம்புலிமாமா, பின்னர் பல இந்திய மொழிகளுக்குப் பரவியது. சென்னை வடபழனியில் இருந்த அதன் அலுவலகத்தில் ஓவியர்கள் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து வரைந்தார்கள். எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, வபா என்று கையொப்பமிட்ட வட்டாதி பாபையா, சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் ஆகியோரின் கோடுகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள் இன்றும் உள்ளன. 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்த சங்கர், 1950-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழோடு இணைந்திருந்தார். உருவிய வாளோடும் தோளில் சுமந்த பிணத்தோடும் விக்கிரமாதித்தன் நடந்துவரும் அந்தப் புகழ்பெற்ற தலைப்புப் படம் அவருடையது. தமிழே அறியாத மாநிலங்களின் பிள்ளைகளும் அந்தப் படத்தைக் கண்டதும் கதையை அறிந்துகொண்டார்கள். அத்தகைய கைக்கு, மறைவுக்குப் பிறகு 2021-இல்தான் பத்மஸ்ரீ விருது வந்து சேர்ந்தது. ஒரே மேசையில், ஒரே வகைக் கதைகளுக்கு, ஆண்டுக்கணக்கில் வரையும் வாய்ப்பு ஒருவரின் கையை எவ்வளவு தேர்ச்சியுடையதாக ஆக்கும் என்பதற்கு அந்த இதழ்க் கட்டுகளே சாட்சி. அதே இதழில், அக்கால வழக்கப்படி, தாசரி சுப்ரமணியம் எழுதிய தொடர்கதைகள் அவர் பெயரில்லாமலேயே வெளிவந்தன என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இன்றைய இளம் ஓவியருக்கு அப்படியொரு மேசை இல்லை. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், இரத்னபாலா, சுட்டி விகடன் எல்லாம் அச்சில் நின்றுபோயின. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் போன்றவை தொடர்கின்றன. நாளிதழ்களின் சிறார் இணைப்புகள் சில உள்ளன. அவை மாதச் சம்பளம் தரும் இடங்கள் அல்ல. ஆகவே தேர்ச்சியைத் தரும் அந்த அன்றாடப் பழக்கத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொருவர் தலையிலும் விழுந்திருக்கிறது. விளம்பர நிறுவனத்திலோ பாடநூல் பணியிலோ பகலைக் கழித்துவிட்டு இரவில் சொந்தப் படம் வரைபவர்கள் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பாடநூலுக்கு வரைந்த நூறு தவளைகளும் பயிற்சிதான், வரைந்தவர் ஒவ்வொரு தவளையையும் பார்த்து வரைந்திருந்தால்.

இனி நுட்பத்துக்கு வருவோம். படங்கள் உள்ள சிறார் நூல்கள் இரு வகை. ஒன்று, எழுத்தே கதையை முழுதும் சொல்ல, படம் இடையிடையே வந்து அழகு சேர்க்கும் நூல். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தியின் சாகசக் கதைகளை ஓவியர் செல்லத்தின் படங்களோடு படித்தவர்கள் இவ்வகையை நன்கு அறிவார்கள். மற்றொன்று படப்புத்தகம், இதில் பாதிக் கதையைப் படம் சொல்கிறது, படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்தால் கதை விளங்காது, விளங்கவும் கூடாது. தமிழில் படப்புத்தகம் என்ற பெயரில் வருவனவற்றுள் பல உண்மையில் முதல் வகையைச் சேர்ந்தவை. சிறுகதை ஒன்றை எழுதி முடித்து, அதைப் பத்துத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு படம் வரையச் சொல்வதால் நேரும் குறை இது. இவ்வகை நூல்களில் எழுத்தாளரும் ஓவியரும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

படப்புத்தகம் எழுதுவது தாளிலிருந்து தொடங்குகிறது. அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்து வெட்டினால் கிடைக்கும் பக்கங்களின் தொகுதியை ஃபாரம் என்பார்கள். பொதுவாக ஒரு ஃபாரம் 16 பக்கம். ஆகவே மெல்லிய சிறார் நூல்கள் 16, 24, 32 என்ற கணக்கில் அமைகின்றன. 19 பக்கத்தில் கதை முடிந்தால் பதிப்பாளர் ஒன்று கதையை வெட்டுவார் அல்லது வெற்றிடத்தை விளம்பரத்தால் நிரப்புவார். இதை அறிந்த எழுத்தாளர் முதல் வரியை எழுதும் முன்பே நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து, அச்சகத்தார் டம்மி என்று சொல்லும் மாதிரிப் புத்தகம் ஒன்றைச் செய்துகொள்வார். அதில் முதல் பக்கம் தலைப்புக்கும் இரண்டாம் பக்கம் பதிப்பு விவரத்துக்கும் போனால், கதை மூன்றாம் பக்கத்தில் தனியாகத் தொடங்கும். பிறகு 4-5 முதல் 14-15 வரை ஆறு விரிபக்கங்கள், அதாவது இடமும் வலமும் ஒருசேரக் கண்ணில் படும் ஆறு இணைகள் கிடைக்கும். பதினாறாம் பக்கம் மீண்டும் தனியாக நிற்கும். கதைக்குக் கிடைப்பவை ஆறு பெரிய காட்சிகளும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் மட்டுமே என்பது அப்போது கண்கூடாகத் தெரியும். இந்த இறுக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; கதையில் எது தேவையில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

பக்கம் புரட்டுதல் என்ற செயலைப் படப்புத்தகம் கதையின் உறுப்பாகவே ஆக்கிக்கொள்கிறது. வலப்பக்கத்தின் கடைசி வரி ஒரு கேள்வியை எழுப்பினால், அதற்கான விடை புரட்டியபின் இடப்பக்கத்தில் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள அரை நொடியில் குழந்தை தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்கிறது. மாரி என்ற சிறுமி கிணற்றடியில் நிற்கிறாள் என்று கொள்வோம். 'சிவப்புச் சட்டை போட்டிருந்த மாரி பயத்தோடு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓர் ஆமை நீந்திக்கொண்டிருந்தது' என்று எழுதினால் ஓவியருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. சட்டையின் நிறத்தைப் படம் சொல்லும். பயத்தை, கிணற்றுச் சுவரை இறுகப் பற்றிய விரல்கள் சொல்லும். எழுத்து 'உள்ளே ஏதோ அசைந்தது' என்பதோடு வலப்பக்கத்தில் நின்றுவிடலாம். புரட்டினால், கிணற்றின் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் ஆமையின் கண்வழியாக, வட்டமான வானமும் அதன் விளிம்பில் சின்னஞ்சிறு தலையாக மாரியும் தெரியும்படி விரிபக்கம் முழுவதும் ஒரே படம் வரலாம். அங்கே எழுத்தே வேண்டாம். இரண்டாவது வடிவில் சொற்கள் குறைந்தன, கதை பெருத்தது. மோரிஸ் செண்டாக்கின் 1963-ஆம் ஆண்டு நூலான 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', பக்கத்துக்குப் பக்கம் படத்தை வளரவிட்டு, கதையின் உச்சத்தில் மூன்று விரிபக்கங்களைச் சொல்லே இல்லாமல் விட்டுவிடுவதைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த நுட்பம் விளக்கமின்றியே புரியும்.

எழுத்தாளர்கள் இதை ஏற்பதில் ஒரு மனத்தடை இருக்கிறது. அரும்பாடுபட்டு எழுதிய வருணனையை நீக்குவது தம்மைக் குறைப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில், ஓவியரை நம்பி விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் குழந்தைக்குக் கண்டுபிடிக்கும் இன்பத்தைத் தருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, படிக்கத் தெரிந்த பாட்டிக்கு முன்பாகவே படத்தில் ஆமையைக் கண்டுபிடித்துக் கூச்சலிடுவது அந்த இன்பத்தால்தான்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழ்ச் சிறார் நூல்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. அதாவது பேசுவதற்கு ஒரு வடிவமும் எழுதுவதற்கு வேறொரு வடிவமும் உள்ள மொழி. பள்ளிக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் பேசிய தமிழை அறிந்து வருகிறது. ஏட்டுத் தமிழ் அதற்குப் பாதிப் புதியது. இதோடு எழுத்தின் சுமையும் சேர்கிறது. 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்ற சொல்லில் 16 எழுத்துகள் உள்ளன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கடைசி எழுத்தை எட்டும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். 'சாப்பிடுகிறார்கள்' என்றால் ஒன்பது எழுத்தில் வேலை முடிகிறது. 'கொ' போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்பதால், கண் முன்னே ஓடிப் பின்னே திரும்பித்தான் ஒலியைப் பெற முடியும். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய வேலையன்று. ஆகவே தொடக்க நிலை வாசகருக்கு எழுதுபவர் சொற்களின் பொருளை மட்டுமன்றி நீளத்தையும் அளக்க வேண்டும். வடிவமைப்பாளரும் வரியின் இறுதியில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் நூலில் கண் பொறுத்துக்கொள்ளும் அந்த உடைப்பு, எழுத்துக் கூட்டுபவரை அப்படியே நிறுத்திவிடும்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பிரித்து வெளியிட்டது இத்தேவையை உணர்ந்துதான். எந்தப் படியில் நிற்கும் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்ற தெளிவு எழுதும் முன்பே இருக்க வேண்டும். 'எல்லா வயதினருக்கும்' என்று அட்டையில் போடப்படும் நூல் பெரும்பாலும் எந்த வயதினரையும் மனத்தில் கொள்ளாமல் எழுதப்பட்டதாகவே இருக்கிறது.

உரையாடலில் பேச்சுத் தமிழைக் கையாளலாமா என்பது பழைய வழக்கு. பெரியவர் உரக்கப் படித்துக் காட்டும் நூலில் பாத்திரங்கள் தங்கள் ஊர்த் தமிழில் பேசுவதே இயல்பு. திருநெல்வேலிக் கிராமத்துச் சிறுவன் 'அம்மா, எனக்குப் பசிக்கிறது, உணவு தாருங்கள்' என்று பேசினால் கேட்கும் பிள்ளைகளே சிரிப்பார்கள். பிள்ளை தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் நூல்களில் மட்டும், வகுப்பில் கற்ற எழுத்து வடிவத்திலிருந்து அதிகம் விலகாமல் இருப்பது நலம். கதை கூறும் நடையோ இரண்டிலும் எளிய எழுத்துத் தமிழாக இருக்கலாம். எதுகை மோனையையும் சந்தத்தையும் பழங்காலத்துப் பழக்கம் என்று ஒதுக்குபவர்கள், வள்ளியப்பாவின் பாடல்களும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களும் அச்சுப் புத்தகமே இல்லாத வீடுகளிலும் வாய்வழியாக வாழ்ந்ததன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீதி சொல்லும் வழக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கதையின் முடிவில் ஆசிரியர் வந்து நின்று கருத்துரைப்பது, குழந்தைக்குப் புரிந்திருக்காது என்ற அவநம்பிக்கையின் வெளிப்பாடு. அதே வேளையில், கனமான பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் இதற்குப் பொருளன்று. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைப் பேசுகிறது. பத்து வயதுப் பிள்ளை படிக்கும்படி அதைக் கதையாக்க முடிந்திருக்கிறது. கதையைத் தவிர, பெரிதும் கவனிக்கப்படாத இன்னொரு நிலமும் உண்டு. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தரத்தில் அறிவியலையும் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லும் நூல்கள் தமிழில் இன்னும் போதிய அளவு இல்லை. வங்கியிலோ மருத்துவமனையிலோ வயலிலோ வேலை செய்யும் ஒருவர் தம் துறையைப் பிள்ளைகளுக்கு எழுதத் துணிந்தால் போட்டியே இருக்காது.

ஓவியர்களுக்கு வேறொரு வேண்டுகோள். தமிழ்ச் சிறார் நூல்களில் வரும் பிள்ளைகளின் தோல் இன்னும் பெரும்பாலும் ரோஜா நிறத்திலும், வீடுகள் சரிந்த கூரையும் புகைபோக்கியும் கொண்டவையாகவும் இருப்பது வெட்கத்துக்குரியது. வரைபவர் தம் தெருவைப் பார்க்காமல் வேறு புத்தகங்களில் உள்ள படங்களைப் பார்த்து வரைவதால் வரும் கேடு இது. பேருந்து நிலையத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுகு வளைவு, இடுப்பில் தம்பியைத் தூக்கிய ஏழு வயது அக்காவின் ஒருபக்கச் சாய்வு, ரேஷன் கடை வரிசையில் கால் மாற்றி நிற்பவரின் செருப்பு ஆகியவற்றை நேரில் பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்து பழகிய கைக்கு, கற்பனைப் பூதத்தையும் நம்பும்படி வரைய வரும். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி' என்ற துளிகா வெளியீட்டில் சளி பிடித்த யானையைச் சுற்றி நிற்கும் மனிதர்கள் நமக்குத் தெரிந்தவர்களாக இருப்பதால்தான் அதன் தும்மல் சிரிப்பூட்டுகிறது. கணினிக்குக் கட்டளையிட்டு நொடியில் படம் பெறும் வழி இப்போது வந்திருக்கிறது. சில பதிப்பாளர்கள் அதற்கு ஆசைப்படுவதும் தெரிகிறது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வேறுபாடு தெரியாத படங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, அவர்களின் வீட்டை அவர்களுக்கே தவறாகக் காட்டுவதாகும் என்று பதிப்பாளரிடம் ஓவியர்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

அச்சின் இயல்பையும் ஓவியர் அறிந்திருத்தல் வேண்டும். வண்ண அச்சு என்பது வெளிர்நீலம், செந்நீலச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் சேர்க்கை. கணினித் திரையில் ஒளிரும் கிளிப்பச்சை இந்த மைகளில் மங்கிவிடும். விரிபக்கத்தின் நடுமடிப்பில் பாத்திரத்தின் முகம் விழுந்தால் தையலுக்குள் போய்விடும். வெட்டும் ஓரத்தில் சிறிது கூடுதலாக வண்ணம் நீட்டப்படாவிட்டால் வெள்ளைக் கோடு தெரியும். இவற்றைப் பதிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விடுபவரின் படம்தான் அச்சில் கெடுகிறது. சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் 2006-இல் கறுப்புத் தாளில் கையால் பட்டுத்திரை அச்சிட்டு வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது, இவ்விஷயத்தில் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள் அவை. தாளும் மையும் அங்கே படத்தின் பகுதியாகவே ஆகியிருக்கின்றன.

இனிப் பணம். தமிழ்ப் பதிப்புலகில் உரிமைத்தொகையாக, அதாவது விற்கும் ஒவ்வொரு படிக்கும் படைத்தவருக்குச் சேரும் பங்காக, நூல் விலையில் பத்து விழுக்காடு என்பது பரவலாகப் பேசப்படும் அளவு. 80 ரூபாய் விலையுள்ள படப்புத்தகம் 1,000 படிகள் விற்றுத் தீர்ந்தால் கிடைப்பது 8,000 ரூபாய். எழுத்தாளரும் ஓவியரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4,000. பல வாரங்கள் உழைத்துப் பதினான்கு பக்கங்களுக்குப் படம் வரைந்தவருக்கு இது கூலியாகாது. ஆகவே ஓவியர் உரிமைத்தொகையோடு ஒரு முன்பணமோ படத்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையோ கேட்பது முறையானது. கேட்பதற்குக் கூச்சப்பட வைப்பதுதான் தொண்டு என்ற கருத்தின் வேலை. நூலக ஆணை, பள்ளிகளின் மொத்தக் கொள்முதல் ஆகியவை வந்தால் கணக்கு மாறும். அப்படி மாறும்போது தம் பங்கு என்ன என்பது எழுத்தில் இல்லாவிட்டால், மாறிய கணக்கு படைத்தவர் வீட்டை எட்டாது.

எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தின் தேவையைச் சட்டமே சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிப்புரிமை என்பது படைப்பை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் வேறு வடிவாக்கவும் பிறரைத் தடுக்கவும் படைத்தவருக்கு உள்ள உரிமை. அது படைப்பு உருவானவுடனே பிறக்கிறது, பதிவு கட்டாயமன்று, படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்திலும் கையொப்பத்தோடும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை திரும்பிவிடும். கைப்பிரதியை வாங்கி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பதிப்பாளரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓவியர்கள் இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவை மட்டுமாவது படிக்க வேண்டும். கதை எழுதியவருக்கு, அவர் சம்பள ஊழியராக இல்லாதவரை, முதல் உரிமை இயல்பாகவே உண்டு. ஆனால் பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அப்பிரிவு. ஒரே நூலில், ஒரே நாளில், வாய்மொழிப் பேச்சை நம்பி வேலை செய்த இருவரில் எழுத்தாளர் உரிமையோடும் ஓவியர் உரிமையின்றியும் நிற்க நேரலாம் என்பது இதன் விளைவு. ஓரிரு வரிகளில் 'படங்களின் பதிப்புரிமை ஓவியருடையது. இந்நூலின் இப்பதிப்புக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி தரப்படுகிறது' என்று எழுதிக்கொண்டால் இது தீர்ந்துவிடும். விட்டுக்கொடுப்பதே கூடாது என்பதன்று இம்மடலின் கருத்து. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் போன்ற திறந்த உரிமத் திட்டங்களில் நூல்கள் யாரும் மொழிபெயர்த்து அச்சிட்டுக்கொள்ளும்படி விடப்படுகின்றன. அதனால் தமிழ்க் கதை ஒன்று பல மொழிகளை எட்டுகிறது. அறிந்து கொடுப்பது கொடை. அறியாமல் போவது இழப்பு.

அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உரிமை முழுவதையும் விற்ற பிறகும், இப்படைப்பு என்னுடையது என்று கோரும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். தமிழ்ச் சிறார் நூல்களை ஒரு புத்தகக் கடையில் எடுத்துப் பார்த்தால், ஓவியரின் பெயர் பெரும்பாலும் பதிப்பு விவரப் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு அருகில், எறும்பெழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. எழுத்தாளர்கள் நினைத்தால் இதை மாற்ற முடியும், ஏனெனில் பதிப்பாளர் முதலில் பேசுவது அவர்களிடம்தான். எழுதவிருப்போரும் வரையவிருப்போரும் தனித்தனியே பதிப்பாளரை அணுகாமல் கைப்பிரதி நிலையிலேயே ஒருவரையொருவர் தேடிக்கொள்ள வேண்டும். தங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் வகுப்பில் அந்த மாதிரிப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டி, எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சன்னலைப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டே வெளியே அனுப்ப வேண்டும். முதல் நூலின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், அட்டையில் எழுத்தாளர் பெயருக்கு நிகரான அளவில் ஓவியர் பெயரும் அச்சிடப்படும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி, குறிப்பாக எழுத்தாளர்களை, இம்மடல் கேட்டுக்கொள்கிறது.